வராந்தாவில் ஒரு பாதயாத்திரை

சர்க்கரை டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அவர் கையில் தூண்டில் நரம்பைப் போல ஒரு நைலான் இழை இருந்தது. அதன் நுனி பாதத்தில் படும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். இடது காலில் நாலைந்து முறை சொன்னேன். பிறகு வலது காலுக்கு அவர் வருவதற்காகக் காத்திருந்தேன். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"கண்ணைத் திறங்க, முடிஞ்சுட்டு" என்றார்.

"வலது கால்?"

"அதையும் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் தொட்டேன். நீங்க வாயே திறக்கல."

மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டே சொன்னார். வலது பாதம் மரத்துப்போய்விட்டது. ஆணி குத்தினாலும் எனக்குத் தெரியாது. புண் வந்தால் ஆறாது. முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

"தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடப்பேன்" என்றேன்.

"செருப்புப் போட்டுக்கிட்டா?"

"மாலை போட்டா செருப்பு கிடையாது."

"அப்போ நடை கிடையாது. சர்க்கரை குறையணும்னா சைக்கிள் மிதிங்க. ரோட்டுல வேண்டாம், கன்டெய்னர் லாரிக்கு நடுவுல கால் வழுக்குனா அவ்வளவுதான். வீட்டுக்குள்ளயே மிதிங்க. இந்தக் கால் போனா நான் ஒட்ட வைக்க முடியாது, அதை ஞாபகத்துல வச்சுக்கிடுங்க."

ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மழை பெய்து பத்து மணிக்கு வெளுத்துவிட்டது. இரவு எட்டு மணி வரை மீனவர்கள் யாரும் கடைக்கு வரவில்லை. இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. காலைப் பற்றி ஒரே வரி: வலது பாதத்தில் உணர்வில்லை. பயந்ததாக எழுதவில்லை. பயம் வரவில்லை.

எனக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கயிறும் போல்ட்டும் படகுப் பெயிண்டும் விற்கும் கடை. வீடு திருச்செந்தூர் சாலையில். இருபது வயதிலிருந்து ஒவ்வொரு தைக்கும் நடந்திருக்கிறேன். எந்த வருடம் எங்கே இளைப்பாறினோம், எந்த ஊரில் யார் மோர் கொடுத்தார்கள், எந்த வருடம் தாமிரபரணிப் பாலத்தில் நிற்க முடியாதபடி வாடைக்காற்று அடித்தது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. பழைய ஊர் வரலாறுகளையும் கப்பல் பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்து வந்த பழக்கம். அவற்றை எழுதியவர்களும் யாரும் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

கார்த்திகை பிறப்பதற்குள், வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும் சாதனங்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துவிட்டேன். சும்மா மூன்று உருளைகள் மட்டும் உள்ள ஒரு வகை உண்டு. அவற்றின் மேல் சைக்கிளை வைத்து, விழாமல் தானே நிதானித்து மிதிக்க வேண்டும். ஒரு கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவனுக்கு அது ஆகாது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே சாதனத்தில் மாட்டும் வகை ஒன்று. சத்தமே வராது, திரையில் ஓடும் பாதையில் மேடு வந்தால் தானாகக் கனக்கும், நாம் எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பதை அதுவே கணக்கிட்டுத் திரையில் காட்டும். ஆனால் உள்ளே மோட்டாரும் சர்க்யூட்டும் இருக்கிற எதையும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், திறந்த வராந்தாவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கால்வனைஸ் பூசிய போல்ட்டே எங்கள் கடையில் இரண்டு மழைக்காலத்தில் துருப் பூத்துவிடும்.

மிச்சம் இருந்தது ஸ்டாண்டு வகை. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, டயரை ஓர் உருளையோடு அழுத்தி வைக்கும். அதிலும் காந்தம் வைத்தது, எண்ணெய் அடைத்தது என்று இரண்டு. காந்தத்தில் கனத்தை நாம் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும். எண்ணெயில் வேகமாக மிதித்தால் தானே கனக்கும், மெதுவாக மிதித்தால் இளகும். எண்ணெய் வகையை எடுத்தேன்.

ஸ்டாண்டு வந்த அன்று என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, பிரிக்க உதவிக்கு வந்தான். உப்பளத்தில் காண்டிராக்ட் எடுப்பவன். எங்கள் பாதயாத்திரைக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"அத்தான், ஓடாத சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு ரப்பர் மேட். வேர்வைக்கு ஒரு ஃபேன். அக்காவைப் பொண்ணு பாக்க வரும்போது நீங்க இவ்வளவு விசாரிக்கலயே!"

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்லா."

என் பழைய சைக்கிள் அந்த ஸ்டாண்டில் உட்காரவில்லை. அதன் பின் அச்சில் நட்டும் கேரியர் கம்பியும் ஸ்டாண்டுக் காலும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. இதற்கோ நெம்பினால் திறக்கும் மெல்லிய அச்சு வேண்டும். இத்தனை படித்தும் இந்த ஒன்று என் கண்ணில் படவில்லை. மச்சினன் சிரித்துச் சிரித்து அந்த ரப்பர் விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மகனின் கியர் சைக்கிளை இறக்கினோம். அது சரியாகப் பொருந்தியது.

மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போனில் எல்லாவற்றையும் காட்டச் சொன்னான். சக்கரத்தில் ஓர் உணரி, நெஞ்சில் ஒரு பட்டை, போனில் ஒரு செயலி என்று சொல்லிக்கொடுத்தான்.

"அப்பா, அந்தப் பெடலைப் பாருங்க. இரும்பு. மேல பல்லு பல்லா இருக்கும். மழையில ஷூ வழுக்காம இருக்க நான்தான் மாத்துனேன். ஷூ இல்லாம மிதிச்சிராதீங்க."

"கேன்வாஸ் ஷூ வாங்கியாச்சு" என்றேன்.

கார்த்திகை முழுவதும் காலையில் முக்கால் மணி நேரம் மிதித்தேன். தூரம், வேகம், நாடி, எரிந்த கலோரி எல்லாம் செயலியில் ஏறின. நான் அவற்றோடு காற்றின் திசையையும் சேர்த்து டைரியில் எழுதிக்கொண்டேன். ஞாயிறுதோறும் செயலி ஒரு படம் வரைந்து காட்டும். கோடு மேலே போனால் பாராட்டும். இரவு சாப்பிட்டதும் என் மனைவி என் வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, போன் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல. கழுவாத காலு, அவ்வளவுதான்" என்பாள். அவள் கை படுவதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசியில் சர்க்கரை குறைந்திருந்தது. டாக்டர் "நல்லது" என்றார். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

மார்கழி முதல் தேதி மாலை போட்டுக்கொள்வது எங்கள் குழுவின் வழக்கம். நடக்கப் போவதில்லை என்று மச்சினனிடம் சொன்னேன்.

"அப்போ மாலையும் போடலயா?"

"மாலை போடுவேன். நீங்க நடக்க நேரத்துல நான் இங்கன மிதிக்கேன். நாப்பது கிலோமீட்டர்தான?"

"முருகனுக்கு ஓ.கே.ன்னா எனக்கும் ஓ.கே. அத்தான். ஆனா வராந்தாவுல உண்டியல் வைக்கக் கூடாது."

மாலை போட்ட அன்று பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். கேன்வாஸ் ஷூவைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். யோசித்துச் செய்ததில்லை. கழுத்தில் மாலை இருக்கும்போது காலில் எதுவும் இருக்காது. முப்பத்தைந்து வருடமாகக் கால் அப்படித்தான் இருந்திருக்கிறது. டாக்டர் தடுத்தது நடையை, நான் நடக்கவில்லை என்றும் ஒரு சமாதானம் இருந்தது. மார்கழி முழுக்க அப்படியே மிதித்தேன்.

அன்றிலிருந்து நான் வீட்டில் சாமி. "சாமி சாப்பிட வாரீயளா", "சாமிக்குப் போன் வந்திருக்கு" என்றுதான் என் மனைவி பேசினாள். காலையில் குளித்துவிட்டு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். இரவில் உள்ளங்காலைப் பார்ப்பது நின்றுவிட்டது. நின்றுபோனதைப் பற்றி இருவருமே பேசவில்லை. மாலை போட்டவன் தன் உள்ளங்காலை ஒரு பெண்ணின் மடியை நோக்கி நீட்டுவதா? அவளுக்கும் சாமியின் காலைப் பிடித்துத் திருப்பி, அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது கூடாத காரியம். நானே குனிந்து பார்த்தேன். தொந்திக்கு அப்பால் விரல்நுனிகள் தெரிந்தன. அவை நன்றாகவே இருந்தன.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலை குழு கிளம்பியது. வேல் கட்டிய வண்டி முன்னால் போக, எங்கள் வாசலில் நின்று அரோகரா போட்டுவிட்டுத் தெற்கே நடந்தார்கள். அவர்கள் தெரு முனையைத் தாண்டியதும் நான் ஏறினேன்.

சைக்கிள் வேகத்தில் மிதித்தால் அவர்கள் முள்ளக்காடு போவதற்குள் நான் திருச்செந்தூர் போய்விடுவேன். அது பாதயாத்திரை ஆகாது. அதனால் இருப்பதிலேயே இளகிய கியரில், திரையில் நடை வேகம் காட்டும்படி மிதித்தேன். அவர்கள் நடக்கிற நேரமெல்லாம் மிதிப்பது, அவர்கள் உட்கார்ந்தால் இறங்குவது என்று ஏற்பாடு. இவ்வளவு மெதுவாகப் போனால் ஆள் நின்றுவிட்டான் என்று நினைத்துச் செயலி கணக்கை நிறுத்திவிடும். அந்த வசதியை அணைத்து வைத்தேன்.

பழையகாயலில் இருந்து மச்சினன் போன் செய்தான். "எங்க அத்தான் வாரீய?"

"உங்களுக்கு அரைக் கிலோமீட்டர் பின்னால."

"வெயில் எப்படி இருக்கு அங்கன?"

"ஃபேன் ஓடுது."

"ஏலே, அத்தானுக்கு அங்கன ஃபேன் ஓடுதாம்லே!" என்று அவன் கத்துவதும், பின்னால் பத்துப் பேர் சிரிப்பதும் கேட்டது.

முதல் நாள் சாயங்காலம் அவர்கள் ஆத்தூரில் ஒரு மண்டபத்தில் தங்கினார்கள். நானும் ஆத்தூரில் இறங்கினேன். தொடை வலித்தது, முதுகு வலித்தது. கால் கழுவிக்கொண்டு படுத்தேன். டைரியில் தூரமும் நாடியும் வாடைக்காற்றும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஆறுமுகநேரி தாண்டி, சாகுபுரம் ஆலையின் புகைபோக்கி தெரிகிற இடத்தில் குழு நடந்துகொண்டிருந்தது. என் மனைவி வராந்தாவைத் துடைக்க வந்தாள்.

"சாமி, செயின்ல இருந்து ஆயில் ஒழுகுது. ரப்பர் மேட் எல்லாம் கறை."

"துடைச்சிரு. எண்ணெய் உருளையில இருந்தா இருக்கும்."

அவள் குனிந்து துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வேறு ஒரு குரல் வந்தது.

"காலைத் தூக்குங்க."

"இன்னும் எட்டுக் கிலோமீட்டர்தான் இருக்கு."

"ஏங்க, காலைத் தூக்குங்கன்னு சொல்லுதேன்லா!"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைச் சாமி என்று சொல்லாமல் கூப்பிட்டது அப்போதுதான். தூக்கினேன். பெடலின் பற்களில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே உள்ளங்கால் சதை திறந்து கிடந்தது என்று அவள்தான் பிறகு சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முகம். நாடி எவ்வளவு என்று திரையைப் பார்த்தேன். மாறவில்லை.

ஆட்டோவில் காலைத் துண்டால் சுற்றி, இம்முறை தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் விளக்கை இழுத்து வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ரெண்டு நாள் புண்ணு இல்ல. மேல தோல் தடிச்சு மூடியிருக்கு, உள்ளுக்குள்ள ஒரு மாசமா அழுகியிருக்கு. தினமும் பாக்கச் சொன்னேனே, யாரும் பாக்கலயா?"

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாலை போட்டிருந்தாக."

"அதனால?"

"சாமி காலைத் திருப்பி எப்படிப் பாக்க?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புவரை போய்விட்டது. ஊசி போட்டு மூன்று நாள் பார்க்கலாம். பரவாமல் நின்றால் ஒரு விரலோடு முடியும், நிற்காவிட்டால் பாதத்தின் முன்பாதி போகும் என்றார் டாக்டர். கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். வழக்கப்படி மாலையைக் கோயிலில்தான் கழற்ற வேண்டும். என் மனைவி அதைத் தானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "முருகன் கோவிச்சுக்கிட்டா என் மேல கோவிச்சுக்கட்டும்" என்றாள்.

அடுத்த நாள் மச்சினன் திருச்செந்தூரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். பச்சை வேட்டி கசங்கிக் கிடந்தது. கையில் பன்னீர் இலையில் மடித்த விபூதி. என் நெற்றியில் பூசிவிட்டு, கட்டுப்போட்ட காலைப் பார்த்தான்.

"அத்தான், எங்க வரைக்கும் வந்தீய?"

"ஆறுமுகநேரி தாண்டி."

"மிச்சத்தை நான் ரெண்டு தடவை நடந்ததா வச்சுக்கிடுங்க." தன் காலைத் தூக்கிப் பார்த்தான். கொப்புளம் வெடித்திருந்தது. "எரியுது" என்றான், ஏதோ தவறு செய்தவன் போல.

அன்று போனைத் திறந்தபோது செயலி இன்னும் அந்த யாத்திரையை முடிக்காமல் வைத்திருந்தது. தொடரவா, முடிக்கவா என்று கேட்டது. முடி என்பதை அழுத்தினேன். தூரமும் நேரமும் நாடியும் சேமிக்கப்பட்டன. இதுவரை இல்லாத நீண்ட பயிற்சி என்று அது என்னைப் பாராட்டியது.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து, சிவப்பு மேலே ஏறவில்லை என்றார். விரல் மட்டும் போனது. பெருவிரலுக்கு அடுத்தது, அதன் அடி எலும்பும் கொஞ்சம். மகன் வந்து அழுதான், மனைவி அழுதாள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். எனக்கு அழுகை வருமென்று சில மாதங்கள் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

புண் மூடச் சித்திரை ஆயிற்று. அளவெடுத்துச் செய்த மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள், வீட்டுக்குள்ளும் வெளியிலும் எப்போதும் போட. மகன் வந்து இரும்புப் பெடலைக் கழற்றிவிட்டு அகலமான ரப்பர் பெடல் மாட்டிக் கொடுத்தான். வைகாசியில் டாக்டர் அனுமதித்தபின், ஷூ போட்டுக்கொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினேன். முதல் நாள் பத்து நிமிடம். டைரியில் நாடிக்கும் காற்றுக்கும் அடுத்து உள்ளங்காலுக்கு ஒரு கட்டம் போட்டேன். அதை என் மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் நிரப்புவேன்.

மார்கழி வந்தது. மச்சினன் மாலையோடு வந்தான்.

"செருப்பைப் போட்டுக்கிட்டே மாலை போடுங்க அத்தான். காலு முடியாதவங்களுக்கு விதிவிலக்கு உண்டு. நான் கேட்டுட்டேன்."

"வேண்டாம் மாப்ள. மாலை கழுத்துல ஏறுனா என் காலு தானா வெறுங்காலாயிரும். எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

"நீங்க இல்லாம யார் எழுதுவா? போன வருஷம் மோர் குடுத்தது யாருன்னே எங்களுக்கு நினைவில்ல."

"போன்ல சொல்லு, எழுதிக்கிடுதேன்."

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் குழு கிளம்பியபோது எங்கள் வாசலில் மோர் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தோம். பெரிய பாத்திரத்தில் கலக்கி, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு வெளியே கொண்டு வைத்தோம். எங்கள் குழு குடித்துவிட்டுப் போனது. பின்னால் முகம் தெரியாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சாத்தூர்க்காரர்கள், விளாத்திகுளத்துக்காரர்கள். நான் டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தேன்.

வயதான ஒருவர் டம்ளரை வாங்காமல் நின்றார். என் காலைப் பார்த்தார்.

"சாமிக்குக் குடுக்கீய. செருப்பைக் கழத்திட்டுக் குடுங்க அண்ணாச்சி."

அவர் கேட்டது நியாயம்தான். நானும் முப்பத்தைந்து வருடம் அப்படிக் கேட்டிருப்பேன். தார்ச் சாலை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஓரத்தில் ஜல்லி. டம்ளரை ஏந்தியபடி நின்றேன். கால் செருப்புக்குள்ளேயே இருந்தது. அவரும் கையை நீட்டவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது.

என் மனைவி என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவள் வெறுங்காலோடு இருந்தாள்.

"அவுக கழத்த மாட்டாக. இங்க வாங்க சாமி, நான் தாரேன்" என்றாள்.

அவர் வாங்கிக் குடித்தார். நான் வாசல் கேட்டுக்குப் பின்னால் போய் நின்று, காலி டம்ளர்களைக் கழுவிக் கொடுத்தேன்.